ஜுஜிட்சு: முதல் மாதங்களில் கற்க வேண்டியவை

பிரேசிலிய ஜுஜிட்சுவில் குத்தும் உதையும் கிடையாது. எதிராளியைத் தரையில் வீழ்த்தி, அசையவிடாமல் அடக்கி, மூட்டை மடக்கியோ கழுத்தை நெரித்தோ பணியவைப்பதே ஆட்டம். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலுக்குப் போனார். அவர் கற்றுத்தந்ததை கிரேசி குடும்பம் தரைச்சண்டைக் கலையாக வளர்த்தது. 1993-இல் பல சண்டைக்கலை வீரர்கள் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியில், அக்குடும்பத்தின் ஒல்லியான ராய்ஸ் கிரேசி தன்னைவிடக் கனத்தவர்களைப் பணியவைத்தபோது இதன் வலிமை உலகுக்குத் தெரிந்தது.

சேர்வதற்குமுன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது நல்லது. பழைய மாணவர்கள் புதியவர்களிடம் நிதானமாகப் பயிற்சி செய்கிறார்களா, தரைவிரிப்பு தினமும் துடைக்கப்படுகிறதா என்று கவனிக்க வேண்டும். முதல் நாளே புதியவரை முழுவேகச் சண்டைக்குத் தள்ளும் கூடத்தைத் தவிர்த்துவிடலாம். கழுத்து, முதுகெலும்பு, இதயம் ஆகியவற்றில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும்.

தொடக்கத்தில் பையும் ஜிப்பும் இல்லாத உடை போதும். பைக்குள் விரல் மாட்டினால் முறிந்துவிடலாம். தொடர்வது உறுதியானபின் 'கி' எனப்படும் தடித்த பருத்தி உடையை வாங்கலாம். நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரம், கம்மலைக் கழற்றிவிட வேண்டும். வகுப்பு முடிந்ததும் குளியல். உடையை அன்றைக்கே துவைத்துக் காயவைக்க வேண்டும். படர்தாமரை ஒருவரிடமிருந்து கூடம் முழுவதற்கும் பரவக்கூடியது என்பதால் இதில் சலுகை கிடையாது. தோலில் தடிப்போ புண்ணோ இருந்தால் ஆறும்வரை விடுப்பு எடுப்பதே சரி.

எல்லாவற்றுக்கும் முன்னால் கற்க வேண்டியது தட்டுவது. பிடி இறுகும்போது எதிராளியின் உடலிலோ தரையிலோ இரண்டு மூன்று முறை பலமாகத் தட்டினால் அவர் உடனே விட்டுவிடுவார். கை சிக்கியிருந்தால் வாயால் சொல்லலாம். வலி வரும்வரை காத்திருப்பது ஆபத்து. குறிப்பாகக் காலை முறுக்கும் பிடிகளில், வலி தெரிவதற்குள் முழங்கால் தசைநார் கிழிந்துவிடக்கூடும். தட்டத் தயங்காதவர்தான் மறுநாளும் பயிற்சிக்கு வர முடியும்.

அடுத்தது உடலசைவு. மோவாயை மார்போடு சேர்த்து, கையால் தரையை அறைந்து விழுவது. மல்லாந்த நிலையில் இடுப்பை உயர்த்துவது. பக்கவாட்டில் இடுப்பை நகர்த்தி நழுவுவது. சலிப்பூட்டும் இந்த மூன்றும் இல்லாமல் பாதுகாப்பாக விழவோ பிடியிலிருந்து தப்பவோ முடியாது.

பிறகு நிலைகள். கீழே படுத்துக் கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்துவது கார்டு. பக்கவாட்டில் அழுத்துவது சைடு கண்ட்ரோல், மேலே ஏறி உட்கார்வது மவுண்ட். போட்டியில் கார்டைக் கடந்தால் 3 புள்ளி. மவுண்டுக்கும் முதுகைப் பிடிப்பதற்கும் 4. முதல் சில மாதங்கள் மவுண்டிலிருந்தும் சைடு கண்ட்ரோலிலிருந்தும் தப்பிப்பதையே பழக வேண்டும். யூடியூபில் பார்த்த பிடிகளைச் சேகரிப்பதைவிட அது பலமடங்கு பயன் தரும்.

ரோலிங் எனப்படும் பயிற்சிச் சண்டையில் புதியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுப் பலத்தையும் கொடுக்கிறார்கள்; பல காயங்களுக்கு அதுவே காரணம். சீராக மூச்சுவிட்டு, பாதி வேகத்தில் ஆட வேண்டும். வாரம் 2 அல்லது 3 வகுப்பு போதும். தொடக்கநிலைக்குரிய வெள்ளைப் பட்டையில், தேர்ச்சிக்கேற்ப நான்கு கோடுகள் வரை சேரும். அடுத்த நிலையான நீலப் பட்டைக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் ஆகும். சர்வதேச பிரேசிலிய ஜுஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி, அதைப் பெறுபவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும்.