பந்து முதலில், மண் பிறகு



கோல்ஃபில் அயர்ன் அடிக்கும்போது பந்து தரையில் கிடக்கிறது. டிரைவருக்கு டீ உண்டு; அயர்னுக்குப் பெரும்பாலும் புல்தான். அயர்ன் ஆட்டத்தின் விதிகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. கிளப்பின் தலை ஒரு வளைவில் இறங்கி, ஓரிடத்தில் மிகத் தாழ்ந்து, மறுபடி மேலேறுகிறது. அந்தத் தாழ்ந்த புள்ளி பந்தைத் தாண்டி, இலக்கின் பக்கமாக அமைந்தால், கிளப் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைச் சந்திக்கும். மண்ணை அதற்குப் பிறகுதான் தொடும். தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் இந்தப் புள்ளி பந்துக்கு அப்பால் 3, 4 அங்குலம் தள்ளி இருக்கும். அமெரிக்காவின் பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் 7 அயர்ன், பந்தைத் தொடும் நேரத்தில் சராசரியாக 4 டிகிரி அளவில் கீழ்நோக்கி வருவதை ராடார் கருவிகள் அளந்து காட்டியிருக்கின்றன. கோடரி வீச்சு அதில் இல்லை, மெல்லிய சரிவுதான். அந்தச் சரிவும் அந்தத் தாழ்ந்த புள்ளியும் அடிக்கு அடி இடம் மாறாமல் நிற்பதே சீரான அயர்ன் ஆட்டம். தூரம், வளைவு, உயரம் எல்லாம் இது கைவந்த பிறகு கவனிக்க வேண்டியவை. பலர் வரிசையை மாற்றிக்கொண்டு தூரத்தில் தொடங்குகிறார்கள். ஆண்டுகள் வீணாவது அங்கேதான்.

கற்பவரைக் கெடுக்கும் எண்ணங்களில் முதலிடம், பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்பதற்கு. தூக்கும் வேலையைக் கிளப்பின் முகச் சாய்வு, அதாவது லாஃப்ட், ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கீழ்நோக்கி வரும் 7 அயர்னிலிருந்தே டூர் ஆட்டக்காரரின் பந்து 16 டிகிரி அளவில் மேலெழுகிறது; நிமிடத்துக்கு ஏறக்குறைய 7,000 சுற்று பின்சுழற்சியும் பெறுகிறது. அந்தச் சுழற்சிதான் பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது. கிரீனில் விழுந்ததும் நிறுத்தியும் வைக்கிறது. தூக்க முயல்பவருக்கு மணிக்கட்டு முன்கூட்டியே முறிந்துவிடும், உடல் எடை வலது காலிலேயே தங்கிவிடும். (இங்கே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு, இடக்கைக்காரர் பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.) தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் நழுவிப் போகும்.

அதன் விளைவு இரண்டு விதமாகத் தெரியும். கிளப் பந்துக்கு முன்பே மண்ணில் புதைந்தால் அது ஃபேட். பந்து பாதித் தூரத்தில் விழும். அதே ஸ்விங்கில் உடல் சற்று எழும்பினால், கிளப்பின் கீழ் விளிம்பு பந்தின் நடு வயிற்றில் மோதும். அது தின், பந்து தரையோடு சீறிக் கிரீனைத் தாண்டி ஓடும். பார்வைக்கு எதிரெதிரானவை. காரணம் ஒன்றே. ஃபேட் அடித்தவர் அடுத்த அடியில் கொஞ்சம் மேலே பிடிக்கிறார், தின் அடித்தவர் அடுத்து கொஞ்சம் கீழே இறங்குகிறார். இப்படி மாறி மாறிச் சரிசெய்பவருக்குப் பிழை தீர்வதே இல்லை. இரண்டுக்கும் மருந்து தாழ்ந்த புள்ளியை முன்னே கொண்டுபோவதுதான்.

கிளப்பின் முகமும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே. பிரிட்டனில் அறிவியலாளர்கள் செய்த ஆய்வின் அடிப்படையில் காக்ரனும் ஸ்டாப்ஸும் 1968-இல் வெளியிட்ட ‘தி சர்ச் ஃபார் தி பெர்ஃபெக்ட் ஸ்விங்’ நூல் இதை விளக்குகிறது. அந்த நேரத்துக்குள் கையால் எதையும் திருத்த முடியாது. எனவே அடியின் தலைவிதி பெரும்பாலும் ஸ்விங் தொடங்குவதற்கு முன்பே, நிற்கும் நிலையிலேயே எழுதப்படுகிறது.

நிற்கும் நிலையில் மிக அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது பந்தின் இடம். வெட்ஜுக்கும் 9 அயர்னுக்கும் இரு கால்களின் நடுவில். 7, 6 அயர்னுக்கு ஒரு பந்தின் அகலம் இடப்பக்கமாக. 5, 4 அயர்னுக்கு இன்னொரு பந்தின் அகலம். இவ்வளவே போதும். விதிப்படி பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஆகவே பந்து தன் இடத்திலிருந்து இரண்டு பந்து அகலம் முன்னே நகர்ந்துவிட்டால் 8 சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டது என்று பொருள். நல்ல ஆட்டக்காரருக்கே தாழ்ந்த புள்ளி பந்தைத் தாண்டி 10 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. கையிருப்பு ஏறக்குறைய முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். பந்து நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியாமல் நகரும். தரையில் ஒரு குச்சியைக் கிடத்தி வைத்துச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை; எத்தனை ஆண்டு ஆடியவருக்கும் இது பொருந்தும்.

மற்றவை சுருக்கமாக. கிரிப் இடது கையில் உள்ளங்கைக்குப் போகாமல் விரல்களின் அடியில் அமைய வேண்டும்; இறுக்கம் முன்கையை விறைக்கவைக்காத அளவு. குனிவது இடுப்பு மூட்டிலிருந்து. முதுகு வளைந்து கூனக்கூடாது. எடை இரு கால்களிலும் சமமாக, அல்லது இடது காலில் சற்றே கூடுதலாக. கைகள் பந்துக்கு ஓரிரு அங்குலம் முன்னே. பாதம், இடுப்பு, தோள் மூன்றும் இலக்குக் கோட்டுக்கு இணையாக.

பேக்ஸ்விங்கில் உடல் சுழல வேண்டும், வலப்புறம் சரியக்கூடாது. தலை இரண்டு அங்குலம் வலப்பக்கம் போய்விட்டால் வளைவு முழுவதும் கூடவே போகும். அடிக்கும் நேரத்துக்குள் அதே இரண்டு அங்குலம் திரும்பி வர வேண்டியிருக்கும். வராத நாளில் ஃபேட். அசைவு குறைந்தவரின் ஆட்டம் பயிற்சி இல்லாத வாரத்திலும் தாங்குவதற்கு இதுவே காரணம்.

அயர்ன் ஆட்டத்தின் உயிர் டவுன்ஸ்விங்கின் தொடக்கத்தில் இருக்கிறது. கைகள் இறங்குவதற்கு முன்பே அழுத்தம் இடது காலுக்கு மாறத் தொடங்க வேண்டும். காலடி அழுத்தத்தை அளக்கும் தட்டுகளில் நிறுத்திப் பார்த்தால், தேர்ந்தவர்களிடம் அடி விழும் நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் இடது காலில் இருப்பது தெரிகிறது. கற்பவர் பந்தை அடித்த பிறகு இடது காலுக்குப் போகிறார்; ஃபாலோ த்ரூவில் எடுத்த படத்தில் இருவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள், ஆனால் ஒருவர் தாமதமாக வந்தவர். மார்பும் இடுப்பும் இலக்கை நோக்கித் திறந்துகொண்டே இருக்க, கைகள் பந்தைத் தாண்டி முன்னே வர, ஷாஃப்ட் இலக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். பென் ஹோகன் 1957-இல் வெளியிட்ட ‘ஃபைவ் லெசன்ஸ்’ நூலில் இந்தக் கணத்தில் இடது மணிக்கட்டு இலக்கை நோக்கிப் புடைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறார். தூக்குபவரின் மணிக்கட்டு இதற்கு நேர் எதிராக உள்பக்கம் குழிந்திருக்கும். தன் ஸ்விங்கைச் செல்பேசியில் படம் பிடித்துப் பார்ப்பவர் முதலில் தேட வேண்டியது இந்த மணிக்கட்டைத்தான்.

ஹோகனின் அயர்ன் ஆட்டத்துக்கு நிலையான சாட்சி 1950 யு.எஸ். ஓபன். 1949 பிப்ரவரியில் அவருடைய கார் பேருந்தோடு மோதி, இனி நடப்பாரா என்ற கேள்வி எழுந்திருந்தது. பதினாறு மாதம் கழித்து மெரியன் மைதானத்தில், ஒரே நாளில் 36 குழிகள் ஆட வேண்டிய கடைசி நாளில், தளர்ந்த கால்களோடு 18-ஆவது குழிக்கு வந்தார். 1 அயர்னை எடுத்துப் பந்தைக் கிரீனில் சேர்த்தார், பார் எடுத்தார், மறுநாள் பிளே-ஆஃபில் பட்டமும் வென்றார். அயர்ன்களில் அடிக்கக் கடினமானது 1 அயர்ன். ஓய்ந்த உடலோடு அதை அப்படி அடிக்க முடிந்ததற்கு உடல் பலம் காரணமாக இருந்திருக்க முடியாது. ஆயிரக்கணக்கான பந்துகளில் ஒரே இடத்தில் பதிந்துபோன தொடுதல்தான் அதைச் செய்தது.

வேகத்தின் தாளமும் தாழ்ந்த புள்ளியைக் காக்கும். ஜான் நொவோசெல் 2004-இல் வெளியிட்ட ‘டூர் டெம்போ’ நூல், சிறந்த ஆட்டக்காரர்களின் பேக்ஸ்விங் நேரம் டவுன்ஸ்விங் நேரத்தைப் போல ஏறக்குறைய மும்மடங்கு என்று காட்டியது. முழு வேகம் ஆளுக்கு ஆள் மாறும். இந்த விகிதம் அதிகம் மாறுவதில்லை. உச்சியிலிருந்து அவசரப்பட்டு இழுப்பவருக்கு அழுத்தம் இடது காலுக்குப் போகவே நேரம் கிடைக்காது.

மண்ணை ஒழுங்காகத் தொடக் கற்ற பிறகு முகத்தின் நடுவைத் தேட வேண்டும். கால் பவுடரை முகத்தில் தெளித்து அடித்தால் பந்தின் தடம் பதியும். தடங்கள் ஒரே பக்கம் குவிந்தால் நிற்கும் தொலைவைத் திருத்தினால் போதும். சிதறிக் கிடந்தால் உடல் சமநிலையில் கோளாறு. எடை கால்விரல் பக்கம் சாய்பவருக்கு முகத்தின் உள் ஓரமான ஹீலிலும், இன்னும் சாய்ந்தால் ஷாஃப்ட் பொருந்தும் கழுத்திலும் படும். அதுதான் ஷேங்க், பந்து வலப்பக்கம் குறுக்கே பாயும். அதைக் கண்டு அஞ்சிப் பந்திலிருந்து விலகி நிற்பவர் எட்டிப் பிடிக்க மேலும் முன்னே சாய்வார், ஷேங்க் தொடரும். பாதத்தின் நடுவில் எடையை வைத்துப் பழகுவதே தீர்வு.

திசையைப் பற்றிப் பழைய பாடம் ஒன்று இன்னும் பல ரேஞ்சுகளில் சொல்லப்படுகிறது: ஸ்விங் போகும் பாதையில் பந்து புறப்படும், முகம் பார்க்கும் பக்கம் வளையும் என்று. அது தவறு. அயர்னில் பந்து புறப்படும் திசையை ஏறக்குறைய முக்கால் பங்கு தீர்மானிப்பது முகம்தான். பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாடு வளைவைத் தரும். பந்து இடப்பக்கம் புறப்பட்டால் முதலில் முகத்தையும் கிரிப்பையும் பார்க்க வேண்டும். பாதையை மாற்றப் புறப்பட்டால் இல்லாத நோய்க்கு மருந்து உண்பதாகிவிடும். கிளப்பின் லை கோணம், அதாவது ஷாஃப்ட் தரையோடு சேரும் சாய்வு, ஆளுக்குப் பொருந்தாவிட்டாலும் திசை கெடும். கோணம் நிமிர்ந்திருந்தால் இடம், தட்டையாக இருந்தால் வலம். லாஃப்ட் கூடிய கிளப்புகளில் இந்த விலகல் அதிகம்.

கிளப் வாங்கும்போது தூரத்தை ஒப்பிடுவதில் பயனில்லை. முன்பு 35 டிகிரிக்கு அருகில் இருந்த 7 அயர்ன், இன்று சில வகைகளில் 30-க்கும் கீழே வந்துவிட்டது. எண் அதேதான், கருவி வேறு. முகத்தின் ஓரங்களுக்கு எடையைப் பகிர்ந்த கேவிட்டி பேக் கிளப், நடுவில் படாத அடியின் இழப்பைக் குறைக்கும். கற்பவருக்கு அதுவே ஏற்றது. ஃபேட் அடியை எந்த கிளப்பும் மன்னிக்காது.

பயிற்சிக்குப் புல் தரையே சிறந்தது. செயற்கைப் பாயில் கிளப் பந்துக்குப் பின்னால் விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும். பிழை மறைந்து பந்து நன்றாகவே பறக்கும். புல் பொய் சொல்லாது. தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து, பந்தே இல்லாமல் ஸ்விங் செய்து, பெயர்ந்த புல் கோட்டிலோ அதற்கு முன்பக்கமோ தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடைப்பது அரிது. டிவட், அதாவது பெயர்ந்த புல் துண்டு, தபால் அட்டை போல் மெலிசாகவும் நீளமாகவும் இருந்தால் போதும். ஆழமான குழி வலிமையைக் காட்டாது, செங்குத்தான இறக்கத்தையே காட்டும். பாய் மட்டுமே வாய்த்தவர் பந்துக்கு ஒரு சாண் பின்னால் மெல்லிய துண்டை விரித்து, அதைத் தொடாமல் அடித்துப் பழகலாம். தொடக்கத்தில் கை இடுப்பளவு போய் வரும் பாதி ஸ்விங். பத்தில் எட்டு கோட்டுக்கு அப்பால் விழும்வரை முழு ஸ்விங் வேண்டாம்.

கோடு பிடிபட்ட பிறகு கிளப்பையும் இலக்கையும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒரே 7 அயர்னால் கூடைப் பந்து முழுவதையும் அடிப்பவருக்கு அன்று எல்லாம் கைவந்ததுபோல் இருக்கும். மைதானத்தில் அது நிற்பதில்லை. கை அசைவுகளைக் கற்பது குறித்து ஷேயும் மார்கனும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். கலந்து செய்தவர்களே பிறகு நினைவில் தக்கவைத்தார்கள். ஒவ்வொரு பந்துக்கும் விலகி வந்து, இலக்கு பார்த்து, புதிதாக நிற்பது நேரம் எடுக்கும். அந்த நேரம் செலவழிக்கத் தக்கதே.

மைதானத்தில் பந்து சமதரையில் கிடப்பது குறைவு. பாதத்தைவிடப் பந்து உயர்ந்து கிடந்தால் அது இடப்பக்கம் போகும். கிரிப்பைக் கீழே பிடித்து வலப்பக்கம் குறி வைக்க வேண்டும். தாழ்ந்து கிடந்தால் முழங்காலை மடக்கி, குனிவை அடிவரை காக்க வேண்டும். பந்து வலப்பக்கம் போகும். ஏற்றத்தில் பந்து உயர எழுந்து தூரம் குறையும், ஒரு எண் குறைந்த, நீளமான கிளப் தேவை. நீண்ட புல் வளர்ந்த ரஃப்பில் முகத்துக்கும் பந்துக்கும் இடையே புல் சிக்கிச் சுழற்சி குறையும். பந்து எதிர்பார்த்ததைவிட ஓடும், கிரீனின் முன்பகுதியைக் குறி வைப்பது நல்லது. மழையில் ஊறிய தரை ஃபேட் அடியைச் சிறிதும் பொறுக்காது. அங்கே பந்தை அரைப் பந்து அகலம் பின்னே வைத்து, முக்கால் ஸ்விங்கோடு ஒரு கிளப் கூடுதலாக எடுப்பவர் கிரீனை அடைவார்.