பென்சிலால் இட்ட புள்ளடி

2025 ஏப்ரலில் நடந்த கனேடிய மத்திய தேர்தலன்று ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் தேர்தல் அலுவலராக மேசையில் இருந்தேன். எண்பது வயது தாண்டிய ஒரு ஐயா வந்தார். வாக்குச்சீட்டைக் கொடுத்து, அட்டை மறைப்புக்குப் பின்னால் போகச் சொன்னேன். போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"தம்பி, உதுக்குள்ள கிடக்கிறது பென்சில். பென்சிலாலையோ புள்ளடி போடச் சொல்லுறியள்? பின்னேரம் ஆரும் அழிச்சுப்போட்டு வேற ஆளுக்குப் போட்டால்?"

"விருப்பமெண்டால் உங்கட பேனையால போடலாம் ஐயா."

சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். ஆனாலும் இடத்தைவிட்டு அசையவில்லை. எங்கே வைத்து எண்ணுவார்கள் என்று கேட்டார். இங்கேதான் என்றேன். "எண்ணேக்க ஆர் பார்த்துக்கொண்டு நிப்பினம்?" வேட்பாளர்களின் ஆட்கள் நிற்கலாம் என்றேன். அதற்குப் பிறகுதான் உள்ளே போனார்.

உங்களில் சிலர் ஆபிரிக்க நாடுகளுக்குத் தேர்தல் கண்காணிக்கப் போக விண்ணப்பித்திருக்கிறீர்கள். இருவர் இலங்கைக்கு. ஒருவர், கல்யாண வீட்டுக்குப் போகிற கையோடு வாக்களிப்பையும் பார்த்துவிட்டு வரலாமோ என்று கேட்டார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பயிற்சி வகுப்பில் படிவம் நிரப்பப் பழக்குவார்கள், ஒழுங்காகப் படியுங்கள். நான் சொல்ல இருப்பது அந்த ஐயா ஏன் பேனையை எடுத்தார் என்பதைப் பற்றி.

1. காட்டு நாட்டுக்குப் போகிறோம் என்ற நினைப்போடு விமானம் ஏற வேண்டாம்.

நீங்கள் பிறந்து வளர்ந்த இதே ரொறொன்ரோவில், 1841ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றவர்கள் மீது ஒரு யன்னலிலிருந்து சுட்டார்கள். ஒருவர் செத்தார். வேட்பாளர் ஒருவரின் வண்டிக்காரர் காயப்பட்டார். அடுத்த வருடம் இந்த நகரத்துக்கு வந்த சார்ல்ஸ் டிக்கன்ஸ் தன் அமெரிக்கப் பயண நூலில் இதை எழுதிவைத்திருக்கிறார். கொலைகாரன் நின்று சுட்ட அதே யன்னலில் பிறகும் கொடி தொங்கியதையும், அது தோடம்பழ நிறக் கொடி என்பதையும் சேர்த்தே எழுதினார். அயர்லாந்துப் புரட்டஸ்தாந்தினரின் ஒறேஞ் சங்கம் நகரத்தை ஆட்டிப்படைத்த காலம் அது.

அன்றைக்குக் கனடாவின் பெரும்பாலான இடங்களில் வாக்கை உரத்துச் சொல்ல வேண்டும். மேடையில் ஏறி இன்னாருக்கு என்று சொல்வீர்கள். கீழே பொல்லோடு நிற்பவன் கேட்டுக்கொண்டிருப்பான். 1874இல் இரகசிய வாக்குச்சீட்டு சட்டமான பிறகு பொல்லுக்கு வேலை குறைந்தது. கனேடியர்கள் அந்த வருடம் திடீரென்று சாதுவாகிவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

2. வீட்டுக் கதையை முழுதாகத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஒரு பாதி எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததை, 97,000 அளவில் நூல்கள் சாம்பலானதை உங்கள் அம்மா அப்பா சொல்லியிருப்பார்கள். அது ஒரு தேர்தல் வாரத்தில் எரிந்தது என்பதைச் சொல்லியிருக்கமாட்டார்கள். 1981 யூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். மே 31 நாச்சிமார் கோவிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டார்கள். அன்றிரவே பொலிஸார் தீ வைக்கத் தொடங்கினார்கள். நூலகம், ஈழநாடு பத்திரிகை அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு எல்லாம் எரிந்தன. பயிற்சி பெற்ற தேர்தல் அலுவலர்களைக் கடைசி நேரத்தில் விலக்கிவிட்டு வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். சில வாக்குப்பெட்டிகளைக் காணவில்லை. அப்படியிருந்தும் பத்து ஆசனமும் கூட்டணிக்கே போனது.

அடுத்த வருடம் டிசெம்பர் 22, சர்வசன வாக்கெடுப்பு. விளக்கா, குடமா? விளக்குக்குப் போட்டால் தேர்தல் இல்லாமலே நாடாளுமன்றம் இன்னும் ஆறு வருடம் ஓடும். யாழ்ப்பாணம் குடத்துக்குப் போட்டது, விளக்கு வென்றது. வாக்கால் எதையும் மாற்றலாம் என்று வாதாடிக்கொண்டிருந்த மிதவாதிகளுக்கு அதன் பிறகு சொல்ல அதிகம் இருக்கவில்லை.

மற்றப் பாதியை எங்கள் வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அதே 1981 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் முதன்மை வேட்பாளர் தியாகராசா மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் தமிழர்தான். 1983 மே 18 உள்ளூராட்சித் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள் புலிகள். அதற்கு முன்னமே வேட்பாளர்கள் சுடப்பட்டிருந்தார்கள். அன்று கந்தர்மடத்தில் வாக்களிப்பு நிலையத்துக்குக் காவல் நின்ற இராணுவத்தினர் தாக்கப்பட, இராணுவம் அயலிலுள்ள வீடுகளைக் கொளுத்தியது. 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் மீண்டும் புறக்கணிப்பு. யாழ் மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. ஜனாதிபதி வென்றது சுமார் 180,000 வாக்குகளால்.

விருப்பத்தோடு வீட்டிலிருந்தவர்கள் எத்தனை பேர், பயத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ஆகவே சந்தடியில்லாத வாக்களிப்பு நிலையத்தைப் பார்த்தவுடன் அமைதி என்று எழுதிவிடாதீர்கள். வாசலில் நிற்கும் பொலிஸாரிடம் கேட்காமல், எதிரிலுள்ள தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

3. வாக்காளர் இடாப்பில் தொடங்குங்கள்.

அடிதடி வாக்களிப்பு நாளில் வரும் என்று காத்திருப்பவர் பிந்தித்தான் வருவார். கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதியில் 1992, 1997 தேர்தல்களை ஒட்டி மோதல்கள் நடந்தன. காணிச் சண்டைக்குத் தேர்தல் ஒரு சாட்டு. வேறு கட்சிக்குப் போடுவார்கள் என்று நினைக்கும் சனத்தை முன்கூட்டியே கலைத்துவிட்டால், வாக்களிப்பன்று தொகுதி அமைதியாகத்தானே இருக்கும். இடம்பெயர்ந்தவர்களின் பெயர் இடாப்பில் எங்கே கிடக்கிறது, அங்கே போய்வர அவர்களுக்கு வழி உண்டா என்று முதலில் பாருங்கள். 1990இல் இலங்கையின் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலன்று அதிகாலையிலும் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் பஸ் பிடித்துத்தான் வாக்களிக்கப் போனார்கள். தந்திரிமலைப் பக்கத்தில் அந்தப் பஸ்களை மறித்துச் சுட்டார்கள்.

4. பெட்டியை விட்டு எழும்பாதீர்கள்.

1982 வாக்கெடுப்பில் நான் இளம் ஆசிரியன், எழுதுவினைஞராகப் போட்டிருந்தார்கள். பெட்டியைப் பூட்டி, நூல் கட்டி, மெழுகுதிரியில் அரக்கை உருக்கி முத்திரை குத்த வேண்டும். உருகின அரக்கு என் பெருவிரலில் சொட்டியது. கையை உதறிக்கொண்டு வெளியே ஓடி, வாளித் தண்ணீருக்குள் விட்டேன். இரண்டு நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது எங்கள் தலைமை அலுவலர் கேட்ட கேள்வி இன்றைக்கும் காதில் நிற்கிறது: "அந்த ரண்டு நிமிசமும் பெட்டியை ஆர் பார்த்தது?" விரலை அவர் பார்க்கவேயில்லை.

பெரிய கலவரங்களின் அடியைத் தோண்டிப்பாருங்கள், அநேகமாக இப்படி ஒரு இரண்டு நிமிடம் கிடக்கும். 2007 டிசெம்பர் 27 கென்யாவில் சனம் வரிசையில் நின்று ஒழுங்காகத்தான் வாக்களித்தது. நிலையங்களில் எண்ணிய தொகைகள் நைரோபிக்கு வந்து கூட்டப்பட்ட இடத்தில் குழப்பம். 30ஆம் திகதி முடிவை அறிவித்து ஒரு மணித்தியாலத்துக்குள், இருட்டுப்படும் வேளையில் ஜனாதிபதி கிபாக்கி மறுபடி பதவியேற்றார். யார் உண்மையில் வென்றது என்று தனக்கே தெரியாது என்று தேர்தல் ஆணையத் தலைவர் கிவுயிட்டு மூன்று நாளில் சொன்னார். எல்டொரெற் அருகே கியம்பாவில் தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்த பெண்களும் பிள்ளைகளுமாக 30 பேரளவில் எரிந்தது 2008 புதுவருட நாளில். மொத்தம் 1,100க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆறு இலட்சம் பேர்வரை வீடிழந்தார்கள். பிறகு விசாரித்த தென்னாபிரிக்க நீதிபதி கிறீக்லரின் ஆணைக்குழுவாலும் வென்றவர் யார் என்று சொல்ல முடியவில்லை. கணக்கு அவ்வளவுக்குக் கலங்கியிருந்தது.

மலாவியில் இன்னும் எளிமை. 2019 தேர்தலின் முடிவுத் தாள்களில் இலக்கங்களுக்கு மேலே ரிப்பெக்ஸ் பூசி மாற்றியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் கட்டுரைப் பிழைக்குப் பூசுவீர்களே, அதே வெள்ளைதான். சனம் மாதக்கணக்காகத் தெருவில் நின்றது. இராணுவப் பாதுகாப்போடு நீதிமன்றத்துக்கு வந்த ஐந்து நீதிபதிகள் 2020 பெப்ரவரி 3 அந்தத் தேர்தலை ரத்துச் செய்தார்கள். மறுபடி நடத்தியபோது எதிர்க்கட்சி வேட்பாளர் சக்வேரா வென்றார். 2025இல் தோற்றபோது தோல்வியை ஏற்றுக்கொண்டு இறங்கினார்.

கணக்கில் பிழை வரும். பிழையை ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியான இலக்கத்தை எழுதி, இருந்தவர்கள் எல்லோரும் கையொப்பம் வைத்தால் அது வெறும் பிழை. பூசி மறைத்தால் அதற்குப் பெயர் வேறு. முடிவுத் தாளைக் கதவில் ஒட்டும் வரைக்கும் நில்லுங்கள். கழிப்பறைக்குப் போவதென்றாலும் இருவரில் ஒருவர் போங்கள்.

5. காலைப் பத்திரிகையையும் சந்தேகியுங்கள்.

2013 செப்டெம்பர் 21, வட மாகாண சபைத் தேர்தல். விடிய உதயன் பத்திரிகை போலவே ஒன்று கைமாறியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கப் பக்கம் தாவிவிட்டார் என்று அதில் செய்தி. தேர்தலுக்குச் சற்று முன்தான் அவருடைய வீட்டை ஆயுதக்காரர் தாக்கியிருந்தார்கள். பத்திரிகை போலி. சனம் ஏமாறவில்லை, 38 ஆசனங்களில் 30 கூட்டமைப்புக்கு. ஏமாறாததற்குக் காரணம், ஊரில் ஆளையாள் தெரியும். நீங்கள் போகிற ஊரில் உங்களுக்கு ஒருவரையும் தெரியாது. வட்சப்பில் வருவதைக் கண்டால் ஒரு மணித்தியாலம் கையை மடித்துக்கொண்டு இருங்கள்.

6. உடுப்பின் நிறத்தைப் பாருங்கள்.

கென்யாவில் 2005 வாக்கெடுப்புக்கு ஆம் என்றால் வாழைப்பழம், இல்லை என்றால் தோடம்பழம். எங்கள் விளக்கும் குடமும் போலத்தான். தோடம்பழம் வென்று, ஒரு கட்சியின் பெயராகவும் நிறமாகவும் ஆகிவிட்டது. ரொறொன்ரோவில் யன்னலில் தொங்கிய அதே நிறம். அழகான ரீசேர்ட் என்று போட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

7. தோற்றவர் எங்கே போகலாம் என்று கேட்டுப் பாருங்கள்.

வென்றவர் வீட்டில் எப்படியும் சாப்பாடு இருக்கும். கானாவில் 2008இல் ஜனாதிபதி வேட்பாளர் அக்குபோ அடோ அரை வீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். 2012இலும் தோற்று, வழக்குப் போட்டார். வாக்களிப்பு நிலையங்களின் இளஞ்சிவப்பு முடிவுத் தாள்களை ஆயிரக்கணக்கில் நீதிமன்றத்தில் விரித்து வாதாடிய அந்த வழக்கு எட்டு மாதம் ஓடியது, நாடு தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. 2013 ஓகஸ்ட் 29 தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ஏற்றுக்கொள்கிறேன் என்ற தோரணையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போனார். 2016இல் வென்றார். எனக்கு அந்த எட்டு மாதம்தான் பெரிதாகத் தெரிகிறது. அவ்வளவு காலம் ஒருவர் கத்தாமல் இருந்தார் என்றால், தன்னுடைய தாள்களை யாரோ உண்மையாகவே வாசிக்கிறார்கள் என்று நம்பியிருக்கிறார். 1982 முடிந்த பிறகு எங்களுக்கு அப்படி வாசிக்க ஒரு ஆள் இருக்கவில்லை.

8. சமாதானக்காரரைத் தேடுவதென்றால் சந்தைக்குப் போங்கள்.

கோபி அனான் நைரோபியில் நாற்பது நாளளவு குந்தியிருந்து, 2008 பெப்ரவரி 28 இரு தரப்பையும் கையொப்பமிட வைத்தார். அதை எல்லோரும் படித்திருப்பீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வடகிழக்குக் கென்யாவின் வஜீர் ஊரில் குலச்சண்டை உச்சத்தில் இருந்தபோது, ஒரு கல்யாண வீட்டில் பேசத் தொடங்கின பெண்களைப் பற்றிப் படித்தவர் குறைவு. அவர்கள் முதலில் எடுத்த வேலை சந்தை. எந்தக் குலத்துப் பெண்ணும் எவரிடமும் பால் வாங்கலாம், விற்கலாம். தடுப்பார் உண்டா என்று பார்க்க ஆட்களை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவரான தெக்கா இப்ராஹிம் அப்தி, 2007 இறுதியில் நாடு எரிந்தபோது நைரோபியில் சமாதானக் குழுவில் இருந்தார். அதனால்தான் தம்பி, கல்யாண வீட்டுக்குப் போகிற உம்மை நான் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. போய் வாக்களிப்பையும் பாரும்.

9. போகமுதல் இங்கேயே ஒருமுறை பழகுங்கள்.

ஊர்ச் சங்கப் பொதுக்கூட்டம் ஒன்றுக்குத் தேர்தல் நடத்தித்தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். எந்த ஊர் என்று கேட்கவேண்டாம். வழக்கமாகக் கை உயர்த்தித்தான் தெரிவு. கை உயர்த்தினால் யார் யாருக்கு என்று பத்து வருடத்துக்கு ஞாபகம் வைத்திருப்பார்கள், ஆகவே சீட்டு என்றேன். முணுமுணுத்தார்கள். சப்பாத்துப் பெட்டி ஒன்றில் துவாரம் வெட்டி, உட்புறத்தை எல்லோருக்கும் காட்டி, ரேப் ஒட்டினேன். தலைவர் பதவிக்கு 83 பேர் வாக்களித்து, மூன்று வாக்கில் ஒருவர் தோற்றார். "நான் நம்பமாட்டன்" என்று எழும்பினார். மண்டபத்தில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. நான் பெட்டியைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன். ரோல்ஸ் வைத்திருந்த தட்டத்தை ஒதுக்கி, மேசையைத் துடைத்து, ஒவ்வொரு சீட்டாக விரித்து அவரே எண்ணினார். நாற்பது நிமிடம் போனது. ரோல்ஸ் ஆறிவிட்டது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. எண்ணி முடித்து, சீட்டுகளைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "மூண்டுதான்" என்றார். பிறகு ஆறின ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, எங்களோடு கதிரை மடிக்க வந்தார்.