‘மிகவும்’ போதாதபோது

எழுதப் பழகும் பிள்ளைகள் தாராபுரத்தில் என்னிடம் கதை, கட்டுரை கொண்டுவந்து காட்டுவார்கள். பத்தி தவறாமல் ‘மிகவும்’ இருக்கும். அவர்களுக்குச் சொல்வதுதான் இது.

1. நம் கையிருப்பை முதலில் பாருங்கள் கண்ணுகளா. மிகுதியைச் சொல்லத் தொல்காப்பியர் ஒரே நூற்பாவில் உறு, தவ, நனி என்று மூன்று உரிச்சொல் தருகிறார். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி, சால, கூர், கழி என்பவற்றையும் கூட்டி ஆறாக எண்ணினார். பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவர் ஊர் என்பது கொங்குநாட்டு வழக்கு. நன்னூல் பக்கம் நான் கொஞ்சம் சாய்வது அதனால்கூட இருக்கலாம்.

2. அவை செத்த சொற்கள் அல்ல. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் ‘அன்புகூர்ந்து’ என்று தாளுக்குத் தாள் எழுதுகிறாரே, அந்தக் கூர் இதே கூர்தான். பாலும் தயிரும்கூடத் தொடாத உணவுமுறைக்கு நனிசைவம் என்று இந்தக் காலத்தில் பெயர் வைத்தார்கள். நனி அங்கே பாந்தமாக உட்கார்ந்துவிட்டது. ‘தவ’தான் பேச்சில் ஓய்ந்துபோனது. தவப்புதல்வனில் இருப்பது தவம், இது இல்லை.

3. சால, தவ வந்தால் வல்லினம் மிகும்: சாலச் சிறந்தது, தவச்சிறிது. உறு, நனி, கழி வந்தால் மிகாது: உறுதுணை, நனிபேதை, கழிபேரின்பம். ‘உறுத்துணை’ என்று எழுதினால் உறுத்தத்தான் செய்யும்.

4. ஏட்டுச் சொல்லைவிட வீட்டுச் சொல்லில் எனக்கு ஆசை அதிகம். செக்கச்செவேல், கன்னங்கரேல், வெள்ளைவெளேர், தன்னந்தனி, புத்தம்புது. ஒவ்வொன்றுக்கும் தன் ஜோடி உண்டு; மாற்றிக் கட்ட முடியாது. ‘கன்னஞ்செவேல்’ என்று சொல்லிப் பாருங்கள், அம்மிச்சி சிரித்துவிடுவாள். திருட்டு நடப்பது பட்டப்பகலில், பேய் வருவது நட்டநடு ராத்திரியில். ‘பட்ட ராத்திரி’ எந்த ஊரிலும் கிடையாது. இதற்குச் சூத்திரம் தேடாதீர்கள், காதைத் தீட்டுங்கள்.

5. அடைக்கு மேல் அடை வேண்டாம். அமராவதிப் பாசன வயல் பச்சைப்பசேல் என்று இருந்தால் இருந்ததுதான். ‘மிகவும் பச்சைப்பசேல்’ எதற்கு?

6. ‘ரொம்ப’வை ‘நெம்ப’ என்பது நம் பக்கத்துப் பேச்சு. கதையில் வருகிறவர் மூலனூர்க்காரர் என்றால் ‘நெம்பச் சந்தோசமுங்க’ என்றே சொல்லட்டும், திருத்தாதீர்கள். மெட்ராஸ்காரர் வாயில் மட்டும் அதைத் திணித்துவிடாதீர்கள்.