பாட்டம் பாக்கி: நிலத்தை மீட்க எங்கே போவது?

மார்த்தாண்டம் சுற்றுப்புறத்தில் பாட்டத்துக்கு விட்ட நிலம் என்றால் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று எண்ணிவிட வேண்டாம். ஏலாவில் ஐம்பது சென்ட் வயல் இருக்கும். அல்லது வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு விளை இருக்கும். மகன் வளைகுடாவுக்குப் போய்விட்டான், பெரியவருக்கு முட்டுவலி, வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று தெரிந்த ஒருவரிடம் நிலத்தை ஒப்படைத்திருப்பார்கள். முதல் இரண்டு பூவுக்குப் பாட்டம் ஒழுங்காக வரும். மூன்றாம் பூவில் "விளைச்சல் போதவில்லை" என்பார். நான்காம் பூவில் "குலை வெட்டியதும் தந்துவிடுகிறேன்" என்பார். அதன் பிறகு வழியில் பார்த்தாலும் பேச்சு இராது.

நிலத்துக்காரருக்கு இது வெறும் கோபம் மட்டும் அல்ல. கரம் கட்டுவது அவர். மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று பார்த்தால், ஆள் இருக்கும் நிலத்தை வாங்க யாரும் முன்வருவதில்லை. கையில் பத்திரம் இருக்கிறது, நிலம் இல்லை என்ற நிலை. அதே சமயம் பாட்டக்காரரும் பெரிய ஆள் அல்ல. அந்த ஐம்பது சென்ட்தான் அவர் வீட்டு அரிசி. இந்தப் பக்கத்தை இரு தரப்பாரும் வாசிக்கிறார்கள். ஆகவே இருவருக்கும் பொருந்துமாறே இங்கு சொல்கிறோம்.

வேலி கட்டப் போகாதீர்கள்

பாக்கி ஏறியதும் நாலு ஆளைக் கூட்டிப் போய் வரப்பை வெட்டுவது, வாழையைச் சாய்ப்பது, கம்பி வேலி போடுவது என்று சிலர் இறங்கிவிடுகிறார்கள். "என் பெயரில் பட்டா, என் நிலம், யார் கேட்பது?" என்ற எண்ணம். இது வென்றுகொண்டிருக்கும் வழக்கைத் தோற்கும் வழி.

1955-ஆம் வருடத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. சாகுபடிக் குத்தகைதாரரை நிலச்சொந்தக்காரர் வெளியேற்ற முடியாது, கோர்ட்டு டிக்ரி கையில் இருந்தாலும் முடியாது என்று அதன் 3-ஆம் பிரிவு தொடங்குகிறது. விதிவிலக்குகள் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. போதாததற்கு, 1963-ஆம் வருடத்துத் தனிப்பரிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, சட்டத்தின் வழி அல்லாமல் நிலத்திலிருந்து இறக்கிவிடப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் நிலம் யாருடையது என்ற கேள்வியே எழாது. பட்டாவைக் காட்டியும் பயன் இல்லை.

யார் சாகுபடிக் குத்தகைதாரர்?

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். சட்டம் காப்பது தன் உடலுழைப்பையோ, தன் குடும்பத்தாரின் உடலுழைப்பையோ பிறர் நிலத்தில் போட்டுப் பயிர் செய்பவரை. எழுத்து இருக்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. வாய்ப்பேச்சில் விட்டதும் குத்தகையே. "சீட்டே எழுதவில்லை, ஆகவே எளிதாக இறக்கிவிடலாம்" என்று நினைக்கும் நிலச்சொந்தக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொல்லப்போனால், எழுத்து இல்லாததால் அதிகம் கஷ்டப்படுவது பாக்கியை நிரூபிக்க வேண்டிய அவர்கள்தாம்.

பாட்டத்துக்கு எடுத்து, அதை இன்னொருவருக்கு விட்டு இடையில் லாபம் பார்ப்பவர் இந்தப் பாதுகாப்பில் வரமாட்டார். அதுபோல, நீங்கள் வளர்த்த தென்னையில் தேங்காயை மட்டும் வெட்டிக்கொள்ள ஒரு வருடக் குத்தகை எடுத்த வியாபாரி நிலத்தில் பயிர் செய்பவர் அல்ல. நம் பக்கத்தில் ஒற்றியையும் பாட்டத்தையும் பலர் கலந்து பேசுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு நிலத்தை அனுபவத்துக்குக் கொடுத்தது ஒற்றி. பணத்தைத் திருப்பிக் கட்டி மீட்பது சிவில் கோர்ட்டு விஷயம். கோவில் நிலம், தர்ம ஸ்தாபன நிலம் ஆகியவற்றுக்கு 1961-ஆம் வருடத்துப் பொது அறநிலைய நிலச் சட்டம் தனியாக உண்டு. மார்த்தாண்டம் கடைத்தெருவில் கடையோ வீடோ வாடகைக்கு விட்டவர்களுக்கு 2019-இல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் வருட வாடகைச் சட்டம். வயலுக்கு அது பொருந்தாது.

தாசில்தார் வைத்திருக்கும் குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பதையும் இரு தரப்பாரும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1969-ஆம் வருடத்துச் சட்டப்படி ஏற்பட்ட பதிவேடு அது. அதில் பெயர் ஏறியவரை "அவர் குத்தகைதாரரே அல்ல" என்று சிவில் கோர்ட்டில் வாதாட இடம் இல்லை. பதிவில் தவறு இருந்தால் வருவாய் அதிகாரிகளிடமே மனுவும் அப்பீலும் செய்ய வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

களியக்காவிளை தாண்டிப் பாறசாலைப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அங்கே பாட்டக்காரனுக்கே நிலம் சொந்தமாகிவிட்டதே, இங்கும் அப்படி ஆகிவிடாதா?" இந்தப் பயத்தினாலேயே பலர் நிலத்தைத் தரிசாகப் போட்டிருக்கிறார்கள்.

ஒரே திருவிதாங்கூராக இருந்த பூமிதான் இது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் நின்றது. அங்கே கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் 1970 ஜனவரி 1-ஆம் தேதி ஜன்மிகளின் உரிமை அரசுக்குப் போய், குத்தகைதாரர்கள் கிரயச் சான்று பெற்று உரிமையாளர் ஆனார்கள். தமிழ்நாட்டுச் சட்டம் அந்த வழியில் போகவில்லை. இங்கே குத்தகைதாரருக்குக் கிடைப்பது நிலத்தில் தொடர்ந்து இருக்கும் பாதுகாப்பு. அதுவும் வாரத்தைச் செலுத்திக்கொண்டிருக்கும் வரையில். பாட்டக்காரராகவே இருப்பவர் இருபது வருடம் இருந்தாலும் அந்தக் காரணத்தால் மட்டும் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார்.

பாக்கி எவ்வளவு?

மனுப்போடும் முன் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் பல நிலச்சொந்தக்காரர்கள் சறுக்குகிறார்கள். 1956-ஆம் வருடத்து நியாய வாரச் சட்டத்தில் நன்செய்க்கு நூற்றுக்கு 40 என்று இருந்தது. 1980-இல் வந்த திருத்தத்தின் பிறகு எல்லா நிலத்துக்கும் சாதாரண மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 25, அதாவது கால் பங்கு. சாகுபடிச் செலவு முழுவதும் குத்தகைதாரருடையது. சர்க்காருக்குக் கட்டும் கரம் நிலச்சொந்தக்காரருடையது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஐம்பது சென்ட் வயலில் ஒரு பூவுக்குச் சாதாரணமாக 800 கிலோ நெல் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். நியாய வாரம் 200 கிலோ. கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டும் சேர்த்து வருடத்துக்கு 400 கிலோ. "பேசியது 600 கிலோ" என்று வாதாடினால், குத்தகைதாரர் நியாய வாரம் நிர்ணயிக்கும்படி மனுக் கொடுப்பார். உங்கள் கணக்கு அங்கே சுருங்கும், வழக்கும் நீளும். நெல்லாகத் தர வேண்டிய பாட்டத்துக்குப் பணம் கட்டினால், கட்டும் நாளின் சந்தை விலையே கணக்கு.

இன்னொரு சிக்கல் இப்போது பரவலாக இருக்கிறது. நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் 2004-இல் கேரளம் தண்ணீரை நிறுத்திய பின், விளவங்கோட்டு ஏலாக்கள் பலவற்றில் நெல் போய் வாழையும் மரச்சீனியும் வந்துவிட்டன. பாட்டம் மட்டும் வாய்ப்பேச்சில் இன்னும் நெல் கணக்காகவே இருக்கிறது. பயிர் மாறிய வருடத்திலேயே புதிதாகப் பேசி எழுதிக்கொள்ளாதவர்கள் பாக்கி என்று வரும்போது ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

பழைய பாக்கியைக் காலவரை இன்றித் தூக்கிவர முடியாது. வாரப் பாக்கி வசூலுக்குக் காலக்கெடு மூன்று வருடம். பத்து வருடம் சும்மா இருந்துவிட்டுப் பத்து வருடத்தையும் கேட்டால் ஏழு வருடம் போனதுதான்.

மனு எங்கே, எப்படி?

செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வாரத்தைச் செலுத்தாத குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு விலகும். நிலத்துக்கும் பயிருக்கும் கேடு செய்தவர், சாகுபடியை அடியோடு விட்டவர், விவசாயம் அல்லாத காரியத்துக்கு நிலத்தைப் பயன்படுத்தியவர், "இது உன் நிலமே அல்ல" என்று வேண்டுமென்றே உரிமையை மறுத்தவர் ஆகியோருக்கும் அப்படியே.

வெளியேற்ற மனுப்போட வேண்டிய இடம் குழித்துறை முன்சீப் கோர்ட்டு அல்ல. கோட்ட வருவாய் அதிகாரியிடம் போட வேண்டும். நமக்குப் பத்மநாபபுரம் கோட்டம், தக்கலையில் சப் கலெக்டர் அலுவலகம். சில வகை மனுக்களை வருவாய் நீதிமன்றத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் உண்டு. எனவே அலுவலகத்திலேயே கேட்டுச் சரியான இடத்தில் போடுங்கள். சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, எதிரி தான் சாகுபடிக் குத்தகைதாரர் என்று நிரூபித்துவிட்டால், வழக்கே இங்கே மாற்றப்படும். அதற்குள் இரண்டு மூன்று வருடம் வீணாகியிருக்கும்.

மனுவுக்கு முன் ஒரு முறை எழுத்தில் கேட்பது நல்லது. எந்தப் பூ, எத்தனை கிலோ, என்ன விலை என்று விவரமாக எழுதி, ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்பிப் படியை வைத்துக்கொள்ள வேண்டும். மனுவோடு பத்திரம், பட்டா, கரம் கட்டிய ரசீது, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் நகல், பாட்டச்சீட்டு இருந்தால் அது, முன்பு கொடுத்த வார ரசீதுகளின் அடிக்கட்டை ஆகியவை வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களும் பெண்களும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

விசாரணை சுருக்கமானது. பாக்கி உண்டு என்று தெரிந்தாலும் அதிகாரி உடனே வெளியேற்றிவிட வேண்டும் என்பதில்லை. இரு தரப்பாரின் நிலைமையையும் பார்த்து, பாக்கியையும் செலவையும் கட்ட நியாயமான தவணை கொடுக்கலாம். அந்தத் தவணைக்குள் கட்டிவிட்டால் குத்தகைதாரர் நிலத்தில் தொடர்வார். கட்டாவிட்டால் வெளியேற்ற உத்தரவு. உத்தரவில் குறை இருந்தால் உயர்நீதிமன்றத்தில் சீராய்வு செய்யலாம். 2004 முதல் நம் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை.

"தவணை கொடுத்தால் என் பாடு என்ன?" என்று நிலச்சொந்தக்காரர் வருந்தலாம். 2017 நவம்பர் 30-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். ஓகிப் புயலில் குலை தள்ளிய வாழை ஒரே இரவில் தரையில் கிடந்தது. கடன் வாங்கிப் பயிர் செய்த பாட்டக்காரர் அந்த மாதமே வாரம் கட்டியிருக்க முடியுமா? புயல், வறட்சி, வெள்ளம் போன்ற பொதுச் சேதத்தில் வாரத் தள்ளுபடி கேட்கவும் நியாய வாரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இருந்தும் கட்டாதவருக்கும், இல்லாமல் கட்டாதவருக்கும் உள்ள வேற்றுமையை அதிகாரி பார்ப்பது சரி என்றே எமக்குத் தோன்றுகிறது.

பாட்டக்காரர் கவனத்துக்கு

நிலத்தைத் திரும்பப் பெறுவதற்காகவே வாரத்தை வாங்க மறுத்துவிட்டு, பிறகு பாக்கி என்று மனுப்போடும் நிலச்சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் "அவர்தான் வாங்கவில்லையே" என்று இருந்துவிடக் கூடாது. கெடு தவறுமுன் வாரத்தை, அல்லது நெல்லின் அன்றைய விலையை, நிலச்சொந்தக்காரர் கணக்கில் டிபாசிட் செய்ய வருவாய் அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். குறைவாகக் கட்டியிருந்தால் மீதியைக் கட்டக் கெடு கிடைக்கும். அதையும் தவறவிட்டால் நிலம் போகும்.

சண்டையின் சூட்டில் "நிலம் உன்னுடையது என்று யார் சொன்னது?" என்று நோட்டீசுக்குப் பதில் எழுதுவது பெரிய பிழை. பாக்கிக்குத் தவணை உண்டு. உரிமையை மறுத்ததற்குத் தவணை கிடையாது. கேட்காமல் ரப்பர் வைப்பதும், கரையில் கடை போடுவதும் இதே போல ஆபத்து.

பல தகராறுகள் சமரசத்தில் முடிகின்றன. பாக்கியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, நிற்கும் பயிரை அறுக்க அவகாசம் தந்து, வைத்த தென்னைக்கு விலை பேசி நிலத்தைத் திரும்பப் பெறுகிறார்கள். அப்படி முடித்தால் அதை ஊர்ப் பெரியவர் முன் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல், அதிகாரி முன் எழுத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். புதிதாகப் பாட்டத்துக்கு விடுவோர் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட சீட்டைச் சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிய வேண்டும்.

வாரம் வாங்கும் ஒவ்வொரு முறையும் ரசீது எழுதி, அடிக்கட்டையில் இருவரும் கையொப்பம் இட வேண்டும். பெரிய வாசகம் தேவையில்லை. "இன்ன சர்வே எண், ஐம்பது சென்ட் வயல், இன்ன வருடக் கும்பப்பூ வாரம் நெல் 200 கிலோவுக்கு, இன்றைய விலைப்படி இத்தனை ரூபாய் பெற்றுக்கொண்டேன். இதற்கு முன் பாக்கி இல்லை" என்று தேதியோடு எழுதினால் போதும். பாக்கி இருந்தால் கடைசி வாக்கியத்தில் அந்தத் தொகையை எழுதிக்கொள்ளுங்கள்.