மழையில்லாமல் வந்த வெள்ளம்

ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வில் 'ஆறுகள் அனைத்தும் கடலில் கலக்கின்றன' என்ற வாக்கியத்தைக் கொடுத்து, சரியா தவறா என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி 'தவறு' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த விடைத்தாளுக்குப் போய்விட்டேன். ஏன் அப்படி எழுதினாய் என்று அவளைக் கேட்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் போட்ஸ்வானாவில் பணிபுரியும் என் தம்பி, குடும்பத்தோடு வரச்சொல்லி அழைத்திருந்தான். காட்டு விலங்குகளைப் பார்க்க ஒகவாங்கோ டெல்டாவில் உள்ள ஒரு விடுதிக்குக் கூட்டிச் சென்றான். மவுன் என்ற ஊரிலிருந்து சிறிய விமானத்தில் ஏறினோம். கீழே கலஹாரியின் மணலும் காய்ந்த புல்லும் முள்மரங்களும்தான் தெரிந்தன. சில நிமிடங்களில் காட்சி மாறியது. பச்சைக் கோரைகளுக்கு நடுவே நீல நிறத்தில் கால்வாய்கள் வளைந்து வளைந்து ஓடின.

மறுநாள் காலை எங்கள் வழிகாட்டி, விலங்குகளைக் காட்டுவதற்கு முன் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். காய்ந்த மணல்தடத்தில் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் விளிம்பில் பூச்சிகள் பதறி வெளியேறின. அவற்றைக் கொத்தித் தின்னப் பறவைகள் பின்தொடர்ந்தன.

"ம்மா, நீங்கள் ஆசிரியர்தானே? இங்கே மழை நின்று பல வாரம் ஆகிறது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். சேத்ஸ்வானா மொழியில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் 'ம்மா'.

பக்கத்தில் ஏதாவது அணையைத் திறந்திருப்பார்கள் என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, தவறு என்று சொல்லவும் இல்லை. "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். காரணம் சொல்லத் தொடங்கியதும் என் விடையில் இருந்த ஓட்டை எனக்கே தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் அவர் விளக்கினார்.

ஆற்றின் பயணம்

அங்கோலா நாட்டின் மேட்டுநிலத்தில் ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை மழை பெய்கிறது. அந்த நீர் குபாங்கோ, குயிட்டோ ஆறுகளின் வழியாக இறங்கி, நமீபியாவைக் கடந்து, போட்ஸ்வானாவுக்குள் வருகிறது. இங்கே நிலம் மிகவும் சமதளமானது. சுமார் 250 கி.மீ. தூரத்துக்கு 60 மீட்டர் அளவே சரிவு. போதாக்குறைக்குக் கோரையும் மணலும் நீரைத் தடுத்துத் தடுத்து அனுப்புகின்றன. அதனால் டெல்டாவின் மேல்முனையில் நுழையும் வெள்ளம் கீழ்முனையை எட்ட மாதக்கணக்கில் ஆகிறது. உள்ளூரில் மழை இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில்தான் டெல்டா நிரம்பியிருக்கிறது. சுற்றிலும் வறண்டு கிடக்கும்போது இங்கே மட்டும் நீர் இருப்பதால், யானைகளும் எருமைகளும் கூட்டம் கூட்டமாக வந்து சேர்கின்றன.

இந்த ஆறு கடலுக்குப் போவதில்லை. பெரும்பகுதி நீர் ஆவியாதலாலும், தாவரங்களின் நீராவிப்போக்காலும் வானத்துக்கே போய்விடுகிறது. கொஞ்சம் மணலுக்குள் இறங்குகிறது. மிகச் சிறு பங்கே டெல்டாவைத் தாண்டி மவுன் பக்கம் ஓடுகிறது. அவர் இதைச் சொல்லி முடித்தபோது அந்த மாணவியின் விடைத்தாளும் என் சிவப்புக் கோடும் கண்முன் வந்தன.

தீவின் நடுவில் உப்பு

மாலையில் மொகோரோ என்னும் ஒடுக்கமான படகில் சென்றோம். ஒருவர் பின்னால் நின்று கழியால் ஊன்றித் தள்ளுவார். முன்பு ஒரே மரத்தைக் குடைந்து இதைச் செய்தார்கள். மரங்களைக் காப்பதற்காக இப்போது பல இடங்களில் கண்ணாடியிழைப் படகுகள் வந்துவிட்டன. அல்லி இலைகளின் மேல் இலைக்கோழி நடந்தது. அதன் நீண்ட விரல்கள் உடல் எடையைப் பரப்பிவிடுவதால் இலை மூழ்குவதில்லை. குஞ்சுகளை வளர்ப்பது ஆண் பறவை. தூரத்தில் லெச்வே மறிமான்கள் ஆழமில்லாத நீரில் தாவி ஓடின. நீர்யானையின் உறுமல் கேட்டதும் படகோட்டி ஓரமாக ஒதுங்கி நின்றார். நீர்யானைகள் நடந்து நடந்துதான் பல கால்வாய்கள் தூர்ந்துபோகாமல் இருக்கின்றன என்றார்.

ஒரு தீவில் இறங்கினோம். இங்குள்ள பல தீவுகள் கரையான் புற்றிலிருந்து தொடங்கியவை. புற்றின் மேடு வெள்ளத்துக்கு மேலே நிற்கும். அதில் விதை விழுந்து மரம் வளரும். மரங்கள் நிலத்தடி நீரை உறிஞ்சும், உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். இப்படிச் சேர்ந்த உப்பால் தீவின் நடுப்பகுதி வெள்ளைப் படிவோடு பொட்டலாகக் கிடந்தது. ஆனால் பத்தடி தள்ளியிருந்த கால்வாய் நீர் நன்னீர். தீவுகள் உப்பைப் பிடித்து வைப்பதால்தான் டெல்டா உப்பு ஏரியாக மாறாமல் இருக்கிறது.

2014இல் ஒகவாங்கோ உலக பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் 1000ஆவது இடமாகச் சேர்ந்தது. ஆனால் அதன் உயிர்நீர் பிறப்பது வேறொரு நாட்டில். அங்கே தடுத்தால் இங்கே வறளும். அதனால்தான் அங்கோலா, நமீபியா, போட்ஸ்வானா ஆகிய மூன்று நாடுகளும் 1994இல் ஆற்றுக்கென ஒரு கூட்டு ஆணையத்தை அமைத்தன.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. மாத வட்டம்: 12 மாதங்களை வட்டமாக எழுதி, அங்கோலாவில் மழை பெய்யும் மாதங்களை ஒரு வண்ணத்திலும் டெல்டா நிரம்பும் மாதங்களை வேறு வண்ணத்திலும் தீட்டச் சொல்லலாம். இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று மாணவர்களே பேசட்டும்.

2. இரண்டு தட்டுகள்: ஒரு தட்டு வெறுமையாகவும், மற்றொன்று மணலும் தேங்காய் நாரும் பரப்பியும் இருக்கட்டும். இரண்டையும் சற்றே சாய்த்து, ஒரே அளவு நீரை மேல்முனையில் ஊற்றி, கீழ்முனைக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று குறிக்கலாம்.

3. உப்புப் படிவு: உப்புநீரை அகலத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்து, எது போனது, எது தங்கியது என்று கேட்கலாம். தீவின் நடுப்பகுதியோடு ஒப்பிடலாம்.

4. நம் ஊர்க் கேள்வி: ஆடிப்பெருக்கின்போது காவிரிக் கரையில் பெரிய மழை இருக்காது. ஆனாலும் புதுப்புனல் வருகிறது. எந்த மழை? குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழைக்கு வழி தேடி மாணவர்கள் வரைபடத்தில் விரலை ஓட்டட்டும்.

இந்தச் செயல்பாடுகளில் விடையை முதலில் சொல்லிவிட வேண்டாம். 'ஏன் அப்படி நினைக்கிறாய்?' என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. வகுப்பில் அரை நிமிட மௌனம்கூட நீளமாகத் தெரிகிறது.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியைத் தேடிப் போனேன். எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டிருந்தாள். "அன்னைக்கு ஏன் தவறுன்னு எழுதினே?" என்று கேட்டேன். முதலில் தயங்கினாள். பிறகு, "எங்க தாத்தா ஊர்ல ஆத்துத் தண்ணி ஏரிக்குள்ள போய் நின்னுடும், டீச்சர். அதுக்கு மேல போகாது. அதான்" என்றாள்.

அவள் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறாள். உன் விடைதான் சரி, நான்தான் தவறாகத் திருத்திவிட்டேன் என்று அவளிடமும், பிறகு வகுப்பிலும் சொன்னேன். இப்போது என் வினாத்தாளில் சரியா தவறா என்ற பகுதிக்குக் கீழே 'காரணம் கூறுக' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். திருத்த நேரம் கூடுதலாகிறது. ஆனால் படிக்க நிறைய இருக்கிறது.