சுற்ற மறந்த ஃபிலிம்

கேள்வி: ஓஸ்லோவில் வசிக்கிறேன். சொங்ஸ்வான் ஏரிக்கரைக் காட்டைப் படமெடுக்கும் தோழி ஒருத்தி, கம்ப்யூட்டரைத் தொடாமல் கேமராவிலேயே ஒரு மரத்துக்குள் இன்னொரு காடு தெரியும்படி எடுக்கிறாள். இந்த 'டபுள் எக்ஸ்போஷர்' யார் கண்டுபிடித்தது? (ஒரு வாசகி)

பதில்: கண்டுபிடித்தது மறதி. எடுத்த கண்ணாடித் தகட்டையே மறுபடியும் கேமராவில் போட்டால் இரண்டு காட்சியும் ஒன்றின்மேல் ஒன்று பதிந்துவிடும். ஸ்டூடியோக்காரருக்கு அது நஷ்டம். அதைக் காசாக்கியவர் பாஸ்டனின் வில்லியம் மம்லர். 1860-களில், இறந்துபோன உறவினர் பின்னால் மங்கலாக நிற்பதுபோல் படம் எடுத்துக் கொடுத்தார். 1869-ல் நியூயார்க்கில் மோசடி வழக்கு. எப்படிச் செய்தார் என்று நிரூபிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள்!

இதை ரசித்துச் செய்த பெரியவர் உங்கள் ஊர்க்காரர்தான்: 'அலறல்' வரைந்த எட்வர்ட் முங்க். 1902-ல் பெர்லினில் ஒரு சின்ன கோடக் வாங்கினார். அந்த வகைக் கேமராவில் ஃபிலிமைக் கையால் சுற்ற வேண்டும். மறந்தால் தடுக்க எந்தப் பூட்டும் கிடையாது. முங்க் எடுத்த பல படங்களில் ஆளுக்குள்ளேயே பின்னாலிருக்கும் பொருள்கள் தெரியும். எல்லாமே இரட்டைப் பதிவு அல்ல. ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து, பாதியில் எழுந்து போனாலும் இதே கதைதான். 1930 வாக்கில் ஓஸ்லோவின் எகெலி வீட்டில், தன் ஓவியங்களுக்கு முன் நின்று இப்படித் தன்னையே எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் குப்பையில் போட்டிருப்பார்கள். இவர் பத்திரப்படுத்தினார், இன்று முங்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நம் சினிமாவுக்கும் இது பழக்கம்தான். 1940-ல் பி.யு. சின்னப்பா 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம் போட்ட காலத்தில், லென்ஸில் ஒரு பாதியை மறைத்து எடுத்துவிட்டு, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி மறுபாதியை எடுப்பார்கள். பிற்பாடு மறதியைத் தடுக்கக் கேமராவில் பூட்டு வந்தது. வேண்டுமென்றே செய்பவர்களுக்காக, அதைத் தாண்ட ஒரு தனி நெம்புகோலும் வந்தது. டிஜிட்டலில் அது மெனுவுக்குள் போய்விட்டது.

காட்டில் எடுக்க ஒரே விதி: முதல் படத்தில் இருட்டாக இருக்கும் இடத்தில்தான் இரண்டாவது படம் ஏறும். வெளுத்த வானத்தின் முன்னே கறுத்து நிற்கும் மரத்தை முதலில் எடுத்துவிட்டு, அடுத்து பாசியையோ இலையையோ எடுத்தால், மரத்தின் உருவத்துக்குள் அது நிரம்பும். ஃபிலிமானால் ஒவ்வொரு முறையும் பாதி வெளிச்சம் போதும்.

ஆனால் ஓஸ்லோவின் பனிக்காலத்தில் இந்த வித்தை காலை வாரும். தரையெல்லாம் வெள்ளை, இரண்டாவது படம் ஏற இடமிருக்காது. அப்போது மெனுவில் 'டார்க்' என்றிருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்: இரண்டில் எது கறுப்போ அதையே கேமரா வைத்துக்கொள்ளும், பனிமேல் இரண்டு மரத்தின் கிளைகளும் நிற்கும்.