முதலில் ஒட்டக் கற்றுக்கொள்

அன்புள்ள தங்கைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு மாடியில் ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினாயே, அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வண்ண அட்டைகள், பூ வடிவில் வெட்டிய தாள்கள், முத்து, ரிப்பன், ரப்பர் முத்திரைகள், மூன்று விதமான பசை. முதல் சம்பளத்தில் பாதியை அதில் போட்டுவிட்டு, "அக்கா, எதிலிருந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்டாய். மாடிப்படியில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. இதே கேள்வியை நம் பெங்களூரில், அடுகோடியிலும் லக்கசந்திராவிலும் இன்னும் நாலைந்து பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து உன் பேரில் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியை மூடிப் பரண்மேல் வை. ஒரு மாதம் தொடாதே. இந்த ஒரு மாதத்தில் நீ கற்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தாளை இன்னொரு தாளின்மேல் சுருங்காமல், கொப்பளிக்காமல், பல வருஷம் ஆனாலும் பிரியாமல் ஒட்டுவது. கலப்பு ஊடகம், கொலாஜ், குவில்லிங், வாழ்த்து அட்டை, அலங்காரப் பெட்டி என்று எதைச் செய்தாலும் அடியில் இருக்கிற வேலை இது. இதைக் கற்காமல் மேலே ஒட்டுகிற முத்தும் பூவும் அடுத்த மழைக்காலத்தில் உதிரும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கலைஞர் அல்ல, ஒரு பைண்டர். பதினேழு வயதில் சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை மடிக்கிற வேலைக்குப் போனேன். முதல் நாள் நான் மடித்த அட்டைகளின் முதுகில் எல்லாம் மடிப்பு வெடித்து வெள்ளை தெரிந்தது. அவர் திட்டவில்லை. ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்தார், ஸ்கேல் வைத்ததுபோல் நேராகக் கிழிந்தது. பிறகு குறுக்கே கிழித்தார், கோணல்மாணலாகப் பிய்ந்தது. "தாளுக்கும் மரம் மாதிரி வாட்டம் உண்டும்மா. அதோட போனா வழி விடும், எதிர்த்துப் போனா வெடிக்கும்" என்றார்.

அந்த வாட்டத்தைத்தான் அச்சுத் தொழிலில் கிரெயின் என்பார்கள். இயந்திரத்தில் தாள் உருவாகும்போது கூழில் இருக்கிற இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுகின்றன. ஈரம் பட்டால் ஒவ்வொரு இழையும் பருமனில்தான் அதிகம் உப்பும், நீளத்தில் அவ்வளவாக நீளாது. அதனால் தாள் தன் வாட்டத்துக்குக் குறுக்கே விரிகிறது. இன்று ராத்திரியே சோதித்துப் பார். அட்டையில் ஒரு சதுரத் துண்டு வெட்டி, ஒரு பக்கம் மட்டும் ஈரத் துணியால் தடவு. அது சுருண்டு குழாய்போல வளையும். குழாய் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதுதான் வாட்டம். பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு வை. இரண்டு தாளை ஒட்டும்போது இரண்டின் அம்பும் ஒரே பக்கம் பார்க்கட்டும். மாறிப் போனால் பசை காயும்போது ஒன்றை ஒன்று இழுத்து, அட்டை அப்பளம்போல் முறுக்கிக்கொள்ளும்.

இனி பசை. ஃபெவிகாலை டப்பாவிலிருந்து அப்படியே பிதுக்கிப் பூசாதே. சின்னக் கிண்ணத்தில் ஊற்றிச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழை. பிரஷால் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கித் தடவு, ஓரத்திலிருந்து உள்ளே வராதே. பூசியதும் அவசரப்பட்டு ஒட்டாமல், தாள் ஈரத்தைக் குடித்து விரிகிற வரை ஒரு நிமிஷம் பொறு. விரிய வேண்டியது ஒட்டுவதற்கு முன்பே விரிந்துவிட்டால் பிறகு கொப்பளம் வராது. மேலே ஒரு வெற்றுத் தாளை வைத்து உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே நீவு. ஒரு பக்கம் ஒட்டினால் அட்டை அந்தப் பக்கம் வளையும், ஆகையால் பின்பக்கமும் அதே கனமுள்ள தாளை ஒட்டிச் சமன் செய். பிறகு இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, விடியும்வரை எடுத்துப் பார்க்காதே. மடிக்க வேண்டிய இடத்தில், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் முதலில் ஒரு கோடு அழுத்தி இழு. இத்தனைக்கும் உனக்கு ஆகிற செலவு ஒரு டப்பா பசையும் ஒரு பிரஷும்தான்.

இது சின்ன வேலை என்று நினைத்துவிடாதே. எங்கள் அம்மா மகாலட்சுமி படம் ஒன்றை அலங்கரித்து வைத்திருந்தார். அச்சடித்த படம்தான். அதில் லட்சுமியின் புடவைக்கு நிஜப் பட்டுத் துண்டை வெட்டி ஒட்டி, கரைக்கு ஜரிகை வைத்து, நகைக்குச் சமிக்கி பதித்திருந்தார். ராஜா ரவிவர்மா 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கி, தெய்வப் படங்கள் சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்த பிறகு, இப்படிப் படத்துக்குப் புடவை கட்டி நகை போடுவது பல வீடுகளில் பெண்கள் செய்த வேலை. அச்சும் துணியும் உலோக இழையும் ஒரே பரப்பில் சேர்கிற இதற்கு இன்று நாம் கலப்பு ஊடகம் என்று பேர் வைத்திருக்கிறோம். அம்மா அதைச் 'சாமிக்குச் செய்றது' என்பார், அவ்வளவுதான்.

தஞ்சாவூர் ஓவியத்தைப் பார். பலாப் பலகை, அதன்மேல் துணி, துணிமேல் சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த பூச்சு, மேடு கட்டிய நகைகள், பதித்த கற்கள், தங்க ரேக்கு. வண்ணம் கடைசியில்தான். இந்த வரிசையைக் கவனி. கனமானதும் ஈரமானதும் முதலில் வந்து காய்ந்து இறுகிவிடுகின்றன, மென்மையானது இறுதியில் வருகிறது. உன் மேஜையிலும் இதே வரிசைதான் செல்லும். நம் ஊருக்குப் பக்கத்திலேயே மைசூர் ஓவியம் இருக்கிறது. துணிக்குப் பதில் அதில் தாளை ஒட்டுவார்கள், மேடு மெல்லியதாக இருக்கும், தங்கம் ஒரு கோட்டில் வந்து நின்றுவிடும். தஞ்சாவூர் நிறைத்துக் காட்டுகிறது, மைசூர் அடக்கிக் காட்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உன் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உன்னையே கேள். மைசூரில் கஞ்சிஃபா சீட்டுகளும் உண்டு, உள்ளங்கையில் அடங்குகிற வட்டத்துக்குள் கையால் தீட்டிய தெய்வங்கள். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அந்தச் சீட்டுகளுக்கென்றே புதிய ஆட்டங்களை வகுத்தவர். நம் காலத்தில் ரகுபதி பட்டர் அந்தக் கலையைக் கைவிடாமல் வளர்த்தார். சின்னப் பரப்பு என்றால் சின்னக் கலை என்று யாராவது சொன்னால், அந்தச் சீட்டுகளைக் காட்டு.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். நாலைந்து வருஷம் கை பழகிய பிறகு, பெரிய கொலாஜ் ஒன்று செய்து விற்றேன். அடித்தளம் முழுக்கச் செய்தித்தாள், மேலே வெளிர்நீல வண்ணம். நல்ல விலை கிடைத்தது. நாலு வருஷம் கழித்து வாங்கியவர் வீட்டுக்குப் போனபோது, நீலம் இருந்த இடமெல்லாம் டீக்கறை படிந்ததுபோல் பழுப்பாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. செய்தித்தாள் மரத்தை அப்படியே அரைத்துச் செய்கிற தாள், அதில் லிக்னின் என்ற பொருள் நீங்காமல் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும், அமிலமாகித் தாளைப் பொடியாக்கும். அதனால் செய்தித்தாளைக் கூழாக்கிப் பயிற்சிக்கு வைத்துக்கொள். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற வேலைக்கு அமிலமில்லாத தாளைப் போடு. செய்தித்தாள் எழுத்து வேண்டுமென்றால், நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டு.

பருத்தித் தாளில் அந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் பருத்தியில் லிக்னின் கிடையாது. புதுச்சேரிக்குப் போனால் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலையைப் பார்த்துவிட்டு வா. 1959இலிருந்து நடக்கிறது. பருத்திக் கழிவு கூழாகி, சல்லடையில் படிந்து, தாளாக எழுவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், அதன் பிறகு ஒரு துண்டையும் வீணாக வெட்ட மாட்டாய். இந்தத் தொழில் நம் நாட்டில் பிழைத்து நின்றதில் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தி 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்தார். அந்தச் சங்கம் கைதூக்கிவிட்ட தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இரண்டாவது மாதம், பொருள் சேர்க்கப் போ. கடைக்கு அல்ல, உன் தெருவுக்கு. நம் அடுகோடியில் ஒரே வீட்டு வாசலில் கன்னடப் பத்திரிகையும் தமிழ்ப் பத்திரிகையும் உருது எழுத்துப் போட்ட பத்திரிகையும் வந்து விழும். கல்யாணம் முடிந்த பிறகு அவை எங்கே போகின்றன? நல்ல கனமான அட்டை, பொன் அச்சு, உள்ளே மெல்லிய தாள். கேட்டு வாங்கி வை. டெய்லர் கடையில் ஜாக்கெட் துண்டு, பூக்கடையில் வாழைநார், பழைய தினக்காலண்டர் தாள், பஸ் டிக்கெட். ஜெர்மனியில் கூர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற கலைஞர் முதல் உலகப் போர் முடிந்த கையோடு தெருவில் கிடந்த டிராம் டிக்கெட்டுகளையும் உறைகளையும் பொறுக்கி ஒட்டித்தான் தன் கலையைக் கட்டினார். அவர் டிக்கெட்டில் அவருடைய ஊர் இருந்தது. உன் டிக்கெட்டில் டெய்ரி சர்க்கிள் இருக்கட்டும். வெளிநாட்டுப் பெட்டியில் வருகிற ஈஃபில் கோபுரத் தாளை ஒட்டி உன்னால் என்ன சொல்ல முடியும் என்று யோசித்துப் பார்.

மூன்றாவது மாதம் லால்பாக் போ. பக்கம்தான், காலையில் நடந்தே போய்விடலாம். ஒரே ஓர் இலையைத் தேர்ந்து அரைமணி நேரம் பார். பிறகு வீட்டுக்கு வந்து அதை வெறும் தாளால் செய், வண்ணம் தீட்டாமல். ஒரே பச்சையாகத் தெரிந்த இலைக்கு எட்டுப் பச்சை தேவைப்படும். இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற அம்மையார் 1772இல், தம் 72ஆம் வயதில், தாளை நுணுக்கி வெட்டி, கறுப்புப் பின்னணியில் ஒட்டி மலர்கள் செய்யத் தொடங்கினார். பத்து வருஷத்தில் 985 மலர்கள். ஒரே மலருக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் வைத்ததும் உண்டு. தாவரம் அறிந்தவர்களே மெச்சினார்கள். இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சாந்திநிகேதனின் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 1957இல் பார்வையை முழுவதும் இழந்தார், அதன் பிறகு தாளை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். கண் போன பிறகும் அவர் விரல்களுக்குத் தாள் தெரிந்திருந்தது. உன் விரல்களுக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும் என்றுதான் முதல் மாதத்தை ஒட்டுவதற்கே ஒதுக்கச் சொன்னேன்.

இதெல்லாம் ஆன பிறகு பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்கு. அப்போது அதில் பாதி உனக்கு வேண்டாததாகத் தெரியும். ஒரு வேலை முடிந்ததாகத் தோன்றினால், ஒட்டாமல் வைத்திருக்கிற அலங்காரத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார். எடுத்ததால் குறை தெரியாவிட்டால் அது அங்கே வேண்டியதில்லை. குறை தெரிந்தால் திருப்பி வைத்து, ஒட்டு.

காசு பற்றியும் கேட்டாய். வாழ்த்து அட்டை, தாம்பூலப் பை, பரிசுப் பெட்டி செய்து விற்பதில் தாழ்வு ஒன்றும் இல்லை. சென்னையில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை அமைத்த ஓவியர்கள், பாத்திக்கும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் ஓவியம் தீட்டினார்கள். விலை போடும்போது தாளின் விலையை மட்டும் எண்ணாதே, காய்வதற்குக் காத்திருந்த நேரம் தவிர மற்ற மணிகளை எல்லாம் நோட்டில் எழுதி வை. போனில் பார்த்த வடிவத்தைப் பழகுவதற்காக நகல் எடுக்கலாம், உன் பேர் போட்டு விற்காதே. ஜனவரியில் குமார கிருபா ரோட்டில் சித்ரகலா பரிஷத் நடத்துகிற சித்ர சந்தைக்கு முதல் வருஷம் வாங்குகிறவளாகவே போ. விற்பவர்கள் தங்கள் படத்தின் பின்பக்கத்தை எப்படி முடித்திருக்கிறார்கள் என்று திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்.

ஓர் எச்சரிக்கை. நம் வீடுகள் சின்னவை. ஸ்பிரே வார்னிஷ் அடிப்பதானால் மாடியில் அடி, அறைக்குள் வேண்டாம். கட்டர் பிளேடு மழுங்கினால் உடனே முனையை ஒடித்துவிடு, மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையை வெட்டும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு என் வீட்டுக்கு வா. முத்தும் பூவும் எதுவும் வேண்டாம், அட்டையில் இருபுறமும் தாள் ஒட்டியது ஒன்று மட்டும் கொண்டு வா. மேஜைமேல் வைத்து நான்கு மூலையையும் தட்டிப் பார்ப்பேன். அம்மாவின் மகாலட்சுமியையும் அன்று உனக்குக் காட்டுகிறேன். மைதாப் பசையில், ராமபாணப் பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சி ஒட்டியது. துத்தம் விஷம், அதை நீ செய்ய வேண்டாம். ஜரிகை கறுத்துவிட்டது, பட்டும் நிறம் மங்கிவிட்டது. ஆனால் நாற்பது வருஷமாக ஓர் ஓரம்கூடத் தூக்கவில்லை.

அன்புடன்,
உன் அக்கா
அடுகோடி